இடுப்பு மூட்டு மாற்றுக்கு முந்தைய ஆறு வாரம்

தேதி குறித்ததும், "எப்படியும் மாற்றத்தானே போகிறோம்" என்று பலரும் கட்டிலில் படுத்துவிடுகிறார்கள். தேய்ந்த மூட்டை மருத்துவர் மாற்றித் தருவார். அதைத் தாங்கி நடக்கவேண்டிய தசையை அவரால் மாற்ற முடியாது. பெரும்பாலானோரை மறுநாளே, சிலரை அன்றைக்கே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்திவிடுவார்கள். அந்த நாளுக்கான தயாரிப்பு இது.

செய்ய வேண்டியவை

• தினமும் இரண்டு வேளை தொடைக்கும் பிட்டத்துக்கும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதைக் காலால் அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். பிட்டத்தையும் அப்படியே இறுக்கி விடுங்கள். பத்துப் பத்து முறை போதும். நல்ல காலுக்கும் செய்யுங்கள். அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் கூடுதல் பாரம் அதன் மேல்தான். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

• கைகளுக்கும் பலம் வேண்டும். வாக்கரில் உடம்பைத் தாங்கப்போவது அவைதாம். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கி இறக்குங்கள்.

• கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். அப்போதுதான் வலிக்கும் மூட்டின் பாரம் குறையும்.

• சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். சொத்தைப் பல், ஆறாத புண், நீர்க்கடுப்பு எதுவானாலும் இப்போதே வைத்தியம் பாருங்கள். அங்கிருந்து கிருமி புதிய மூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபடி கத்திதான்.

• முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

• வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், உயரமான நாற்காலி, வழுக்காத தரை. மிதியடிகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நடக்காதீர்கள். பயிற்சி செய்த வலி இரவு முழுக்க நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

• எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரையும்.

• புகை அறவே வேண்டாம். குறைந்தது 4 வாரம் முன்பே விட்டால்தான் காயம் ஒழுங்காக ஆறும்.

• தேதி நெருங்கும்போது இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி கூடாது. கடைசி 3 மாதத்துக்குள் போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிருமித் தொற்று அபாயம் கூடும்.

• எண்ணெய் தேய்த்து இழுத்து முறிக்கவிடாதீர்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடியும் வேண்டாம். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

• ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவரே சொல்லட்டும்.

• அறுவை செய்யும் இடத்தை வீட்டில் மழிக்காதீர்கள்.

இதைப் படிப்பவர் மகனோ மகளோ என்றால் ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் "அசையாமல் படு" என்று சொல்லாதீர்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலை அழுத்தும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லுங்கள்.