இருபது பேரோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு

அன்புள்ள யாழினி,

மாணவர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இருபது பேரை ஒரு சனிக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்றும், பதினெட்டு இடங்களைக் குறித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். லண்டனில் வேலை பார்த்த காலத்தில் இப்படிக் குழுக்களை நடத்திப்போன பழக்கத்தில் சொல்கிறேன்: அதில் முக்கால்வாசியை இப்போதே அடித்துவிடு.

பிள்ளைகள் இறங்கியதும் கேட்கப்போகும் முதல் கேள்வி, “பல்கலைக்கழகம் எங்கே?” என்பதுதான். கையை நீட்டிக் காட்ட அங்கே ஒரு பெரிய வாசல் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாயிற்காவலர், தனி நேரம். பல கல்லூரிகள் பார்வையாளர்களுக்குப் பிற்பகலில்தான் திறக்கும். தேர்வு நடக்கும் மே, ஜூன் மாதங்களில் சில திறக்கவே மாட்டா. பெரிய குழுவென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்கவும் வேண்டும். ஆகவே முதலில் ஒரு கல்லூரியைப் பேசி முடி. மற்றதெல்லாம் அந்த நேரத்துக்கு வளைந்து கொடுக்கட்டும்.

அடுத்து, நாள் முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள். ஆண்டுகளையும் மன்னர்களையும் அடுக்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் மறந்துபோகும். நான் உனக்குத் தரும் கேள்வி இது: இந்த ஊரில் யார் உள்ளே, யார் வெளியே? அதைக் கையில் வைத்துக்கொண்டால் எங்கே நிற்பது, எதை விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கார்ஃபாக்ஸ் சந்திப்பில் தொடங்கு. 1355 பிப்ரவரி 10 அன்று அங்கிருந்த மதுக்கடையில், ஊற்றிக் கொடுத்த மது மட்டம் என்று மாணவர்கள் சண்டைக்குப் போனார்கள். ஊர்க்காரர்கள் புனித மார்ட்டின் கோயில் மணியை அடித்து ஆள் திரட்டினார்கள். பல்கலைக்கழகம் புனித மேரி கோயில் மணியை அடித்தது. அடிதடி மூன்று நாள் நீடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள் என்பது கணக்கு. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ரொட்டி விலையையும் பீர் விலையையும் மேற்பார்க்கும் அதிகாரம்கூட அதன் கைக்குப் போனது. மேயர் ஆண்டுதோறும் புனித மேரி கோயிலுக்கு வந்து பரிகாரம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் 1825 வரை நீடித்தது. இரண்டு கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன. புனித மேரி கோபுரத்தில் 127 படி. ஒடுக்கமான சுழல் படி. ஏற முடியாதவர்களை வற்புறுத்தாதே, கீழே அவர்களோடு ஒருவரை நிறுத்திவிடு. மேலே போனதும், புனித மார்ட்டின் கோயிலுடைய கார்ஃபாக்ஸ் கோபுரம் எது என்று அவர்களையே தேடச் சொல்.

போட்லியன் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1602-இல் திறந்த அந்த நூலகத்திலிருந்து புத்தகம் வெளியே போகாது. உள்நாட்டுப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டிலேயே தங்கி ஆட்சி நடத்திய முதலாம் சார்லஸ் மன்னர் 1645-இல் ஒரு புத்தகம் கேட்டு அனுப்பியபோதும் நூலகர் தரவில்லை. ஊரிலேயே பெரிய மனிதருக்கும் விதி தளரவில்லை என்று சொல்லிப் பார், உன் கூட்டம் நிமிர்ந்து கேட்கும்.

சாப்பாட்டுக்கு 1774-இல் தொடங்கிய கவர்டு மார்க்கெட். அதற்கு ஒரு மணி நேரம் கொடு, முக்கால் மணி என்று சொல்.

பிற்பகலுக்கு என் தேர்வு நியூ காலேஜ். 1379-இல் நிறுவியது. ஊரின் பழைய கோட்டைச் சுவர் அதன் தோட்டத்துக்குள் நிற்கிறது. சுவரைப் பராமரிப்போம் என்று ஒப்புக்கொண்டுதான் கல்லூரி அந்த நிலத்தை வாங்கியது. இன்றும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேயர் வந்து சுவரைப் பார்வையிடுகிறார். அந்தச் சுவரடியில் கர்னிலியா சொராப்ஜியைப் பற்றிப் பேசு. 1889-இல் நம் நாட்டிலிருந்து வந்து, சாமர்வில் கல்லூரியில் சேர்ந்து, 1892-இல் சட்டத் தேர்வு எழுதினார். பெண்களுக்குப் பட்டம் தரப் பல்கலைக்கழகம் சம்மதித்தது 1920-இல்தான். அவர் கைக்குப் பட்டம் வந்தது 1922-இல்.

கடைசியாக ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. 1967-இல் லண்டன் ஏலத்தில் அது வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததற்கு 1957-இல் எடுத்த புகைப்படம் சாட்சியாயிற்று. திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் இசைந்தது. சிலை அங்கே இருந்தாலும் ஊருக்குப் புறப்பட்டிருந்தாலும் கதையைச் சொல். உன் குழுவில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள். தங்கள் ஊர்ப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவரவர் தேடத் தொடங்குவார்கள். அப்போது நீ பேச்சை நிறுத்திக்கொள். தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால், இங்கே தமிழ் கற்பித்த ஜி. யு. போப்பின் கல்லறை புனித செபல்கர் இடுகாட்டில், நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்று சொல். கட்டாயப்படுத்தாதே.

இனி நடைமுறை. பேடிங்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நெரிசல் இல்லாத வேளைகளில் மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து டிக்கெட் எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். உன்னையும் சேர்த்து இருபத்தொரு பேர். ஏழேழாக மூன்று அணி. தலை எண்ணுவதும் அந்த அணிக்கணக்கிலேயே நடக்கட்டும். அப்போது நீ அணிக்கு ஒருவராக மூன்று பேரைக் கேட்டால் போதும். வரிசையின் கடைசியில் நடக்க நிதானமான ஒருவரைப் போடு. வழி தவறினால் ஷெல்டோனியன் அரங்கத்தின் முன்னே, தாடி வைத்த கல் தலைகளுக்குக் கீழே வந்து நிற்க வேண்டும் என்று காலையிலேயே எல்லோருக்கும் இடத்தைக் காட்டிவிடு. உன் தொலைபேசி எண்ணைக் காகிதத்திலும் எழுதிக் கொடு, சார்ஜ் தீரும்.

மழை வரும், யாராவது தாமதிப்பார்கள், ஏதாவது ஓரிடம் விட்டுப்போகும். எதை விடுவது என்பதை வண்டி ஏறுமுன்பே முடிவு செய்துகொள். தெருவில் நின்றுகொண்டு இருபது பேரிடம் வாக்கெடுப்பு நடத்தாதே. திரும்பும் ரயிலில் அந்த ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேள். ஆளுக்கொரு பதில் வந்தால் நாள் நன்றாகப் போயிற்று என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா