முளைக்காத பல்

கேள்வி: மகளுக்கு 10 வயது. மேல் முன்பல்லுக்குப் பக்கத்துப் பால்பல் விழுந்து ஒரு வருஷமாகியும் புதுப்பல் வரவில்லை. இப்படியும் உண்டா?
– ஒரு தாய், பிள்ளைச்சாவடி

பதில்: உண்டம்மா, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. ஞானப்பல்லைச் சேர்க்காமல் பார்த்தாலும், உலகில் 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒரு நிலைப்பல்லாவது உருவாவதே இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். அப்படி உருவாகாமல் போகும் பற்களின் வரிசையில் நீங்கள் சொல்லும் பல் முன்னால் நிற்பது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது இது. கர்ப்பத்தில் எதைச் சாப்பிடாமல் விட்டோமோ என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இரு வீட்டுப் பெரியவர்களின் பல்வரிசையையும் விசாரியுங்கள்.

பல பற்கள் இல்லாமல், முடி மெலிந்து, வியர்வையும் வராத குழந்தைகள் வேறு வகை. அவர்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிந்துவில் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் 10 ஆண்கள் பல்லும் முடியும் குறைந்து, வெயிலில் தோல் வறண்டு தவித்ததை 1875-லேயே டார்வின் பதிவு செய்திருக்கிறார்.

உங்கள் மகளுக்குப் பல்லே இல்லையா, எலும்புக்குள் சிக்கியிருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். சிக்கிய பல்லைப் பல நேரம் கீழே இறக்கிவிடலாம். இல்லாத பல்லுக்கு இம்ப்ளான்ட் வைக்கத் தாடை வளர்ச்சி முடிய வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த விடுமுறையிலேயே அழைத்துப் போங்கள். அதுவரை மற்ற பால்பற்களைப் பிடுங்க விடாதீர்கள்.