கண்மாய்க் கரையில் ஒரு குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

தீயணைப்புப் பணியில் சேர்ந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு நீ வந்திருக்கும் செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. தீயோடு போராடும் வித்தையைப் பயிற்சிக் களத்திலேயே உனக்குக் கற்பித்திருப்பார்களாதலால், அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தீயைக் காட்டிலும் தண்ணீரைப் பற்றியே நீ அதிகம் சிந்திக்க வேண்டும் என்பது ஒன்றே என் விண்ணப்பம்.

4,500 லிட்டர் கொள்ளும் நம் தீயணைப்பு வண்டி ஊருக்குள் நுழைந்ததும், இனி பயமில்லை என்று ஜனங்கள் ஆறுதல் கொள்கிறார்கள்; ஆனால் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு ஹோஸ்களில் பாய்ச்சத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நூற்பாலையை நிறுவிய காலந்தொட்டு ராஜபாளையம் பஞ்சை நம்பி வாழ்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். பஞ்சுப் பொதியோ, மேற்புறம் நனைந்து அணைந்ததுபோலத் தோற்றமளித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருந்து, பிரித்துப் பிரித்து மணிக்கணக்கில் நனைத்தாலன்றி அடங்காத சுபாவமுடையது. வைக்கோல் படப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் இந்தத் தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு ஓர் எளிய உபாயம் கண்டார்கள். குளத்தின் ஆழத்தில் சல்லடை பொருத்திய ஆறு அங்குலக் குழாயைப் பதித்து, அதன் மறுமுனையைச் சாலையோரத்தில் வண்டி வந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து மூடியிட்டு வைப்பார்கள். வண்டி வந்ததும் சக்‌ஷன் ஹோஸை அதில் மாட்டி உறிஞ்ச வேண்டியதுதான். இதையே டிரை ஹைட்ரன்ட் என்கிறார்கள். குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியிலுள்ள நீர் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய அனுகூலம். நமக்கு உறைபனி இல்லை. நம்முடைய சத்துரு சேறும் கோடையும்.

அத்தகைய குழாய் இல்லாத இடத்தில், இருட்டில், வழுக்கும் கரையில் இறங்கி, கனத்த சக்‌ஷன் ஹோஸ்களை ஒன்றோடொன்று பூட்டி நீருக்குள் விடும் சிரமத்தை நீ விரைவிலேயே அனுபவிப்பாய். இணைப்பிலுள்ள ரப்பர் வாஷரில் ஒரு சிட்டிகை மணல் ஒட்டியிருந்தாலும் காற்று புகுந்துவிடும். பம்பு பாரம் ஏறாமல் வெறுமனே கூவிக்கொண்டேயிருக்கும். அழுத்தமானியின் முள் நடுங்குமே தவிர நீர் ஏறாது. பம்பு நீரை இழுப்பதில்லை, குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்ற, வெளியுலகக் காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது என்பதை நீ படித்திருப்பாய். கணக்கின்படி 10 மீட்டருக்குச் சற்று அதிகம் ஏறவேண்டிய நீர் நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். நானோ 5 மீட்டருக்கு மேல் நம்பமாட்டேன்.

ஆகையால், குழாய் பதிக்க ஸ்தலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழையில் ததும்பி நிற்கும் கண்மாயைக் கண்டு மயங்கிவிடாதே. நம் பக்கத்தில் தீ விபத்துகள் மிகும் மாசி முதல் வைகாசி வரையிலான காலமே பல கண்மாய்கள் வறளும் காலமும் ஆகும். சித்திரையில், கண்மாய் நீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சியை உடன் அழைத்துச் சென்று, எந்த மடையருகில் கடைசிவரை நீர் நிற்கிறது என்று கேட்டு, மூங்கில் கழியை இறக்கி அளந்து பார். அந்தத் தாழ்ந்த மட்டத்திலும் சல்லடைக்கு மேல் இரண்டடி நீராவது இருக்கவேண்டும். இல்லையேல் சுழி விழுந்து காற்றை இழுக்கும். சல்லடைக்குக் கீழேயும் இரண்டடி இடைவெளி வேண்டும். இல்லையேல் வண்டல் அடைக்கும்.

கரையைத் துளைத்துக் குழாய் பதிக்கும் யோசனைக்கு மாத்திரம் நீயாக இடம் கொடாதே. குழாயின் ஓரமாக நீர் கசிந்து மண்ணை அரித்தால் கரையே உடைந்து, ஒரு படப்பைக் காக்கப் புறப்பட்டவர்கள் ஒரு கிராமத்தையே வெள்ளத்தில் ஆழ்த்தியவர்களாவோம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய்க்கு நீர்வளத் துறையும் அதற்குக் குறைந்ததற்கு ஊராட்சி ஒன்றியமும் பொறுப்பாகையால், அந்தப் பொறியாளர்களின் சம்மதமும் மேற்பார்வையும் இன்றியமையாதவை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளம் போன்ற கோயில் குளங்களில் நீர் இருக்கும் காலத்தில், படிக்கட்டுக்குப் பங்கமின்றிக் கையால் ஹோஸை இறக்குவதே முறை. கிணறுகளின் நீர்மட்டமோ நம் உறிஞ்சலுக்கு எட்டாத ஆழத்தில் இருப்பதே அதிகம். அங்கே விவசாயியின் மோட்டாரே நமக்குத் துணையாதலால், அதன் குழாய்க்கும் நம் வண்டித் தொட்டிக்கும் பொருந்தும் ஓர் இணைப்பை வண்டியில் வைத்திரு. மலைக்காட்டுத் தீக்கு இவையெல்லாம் பெரும்பாலும் பிரயோஜனப்படா. அது வனத்துறையினர் தழைக்கொத்தால் அடித்தும், தீத்தடுப்புக் கோடு வெட்டியும் அடக்கவேண்டியது.

குழாய் அமைந்துவிட்டால் ஆறு மாதத்துக்கொருமுறை வண்டியைக் கொண்டுபோய் உறிஞ்சிப் பார். பிறகு நீரைப் பின்னோக்கிச் செலுத்திச் சல்லடையில் படிந்த பாசியையும் பிளாஸ்டிக் பைகளையும் அகற்று. அன்றைய நீர்மட்டத்தை நிலையத்துப் பதிவேட்டில் எழுது.

கண்மாய் நீரை வண்டிகள் கொண்டுபோய்விடும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் அஞ்சுவது இயல்பு. பயிரை நம்பி வாழ்பவர்களின் அந்தக் கவலையை அலட்சியம் செய்யாதே. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் ஒரு லட்சம் லிட்டர், அதாவது நம் வண்டிக்கு 22 முறை நிரப்பும் நீர். முதல் குழாய்க்கு மனு எழுதுவதற்கு முன்பே அவர்களுடைய கூட்டத்துக்குப் போய், இந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்