இரவுப் படமும் ஒளியளவும்

ஒளியாற் சித்திரம் எழுதுங் கலைக்கு இருள் பகையன்று, அளவறியாமையே பகை. கண்டி எசல பெரஹெராவுக்குச் சென்று மீளும் நம் மாணவர் சிலர் காட்டும் படங்களிலே இஃது இனிது விளங்கும். வானம் சாம்பர் நிறமாய் வெளுத்திருக்கும்; யானையின் முகபடாம் வெறும் வெள்ளைத் திட்டாயிருக்கும். கமெரா பழுதுற்றதென்பர். அது தனக்கிட்ட பணியையே செய்தது.

கமெராவிலுள்ள ஒளிமானி, தான் காணுங் காட்சி எதனையும் நடுத்தரச் சாம்பர் நிறமாகவே கொள்ளும். வீழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பே அதற்கு அளவுகோல். கருவானம் பெரும்பகுதியை நிரப்புமிடத்து, அதனை வெளுப்பித்தற்பொருட்டு மிகையொளியை ஏற்கும். அம்மிகையிற் சுடரும் முகமும் அழிந்துபோம். ஆதலின் இருளை அளவாது, ஒளி பட்ட பொருளை அணுகி அளத்தல் வேண்டும்.

வில்லையின் துவாரம், ஷட்டர் திறந்திருக்குங் காலம், பிலிமின் அல்லது உணரியின் ஒளியுணர்திறன் என்னும் மூன்றே நம் கையிலுள்ளவை. துவார எண் 2.8 இலிருந்து 4 ஆகுமிடத்து உள்வரும் ஒளி பாதியாகும். எண் பெருகத் துவாரம் சிறுகுதல் தொடக்கத்தில் எவரையும் மயக்கும்.

கொப்பறாத் தீவட்டியின் ஒளியில் நிற்பாரைப் படமெடுக்க, உணர்திறன் 1600, துவாரம் 2.8, காலம் 1/60 விநாடி எனத் தொடங்கலாம். மின்குமிழ்கள் அணிந்துவரும் மாளிகை யானைக்கு இவ்வொளி மிகையாம். காலத்தை 1/125 அல்லது 1/250 ஆகக் குறைத்தல் நன்று. கதிர்காமத் தேவாலயத்தின் ஊர்வலத்தில் வரும் காவடியாட்டத்தை அசைவின்றி நிறுத்த முயல்வார் பலர். காவடியின் சுழற்சி சற்றே கலங்கித் தோன்றுதலே அழகென்பது எம் கருத்து. 1/15 விநாடி அதற்குப் போதும். பிளாஷ் விளக்கை மட்டும் எவரும் கொண்டுசெல்லற்க. தீயின் செம்மையை அது கெடுக்கும். யானையின் கண்ணையுங் கூசச் செய்யும்.

இறுதி ரந்தோலி நிகினிப் பூரணையில் நிகழ்வது. அவ்விரவில் குண்டசாலைக்கு மீள்வோர் மகாவலிக் கரையில் மற்றொரு பாடம் கற்கலாம். நிலவைப் படமெடுக்க உணர்திறன் 100, துவாரம் 11, காலம் 1/100 விநாடி போதும். அது வெயிலிற் கிடக்கும் பாறையேயன்றோ! அந்நிலவொளி படிந்த ஆற்றங்கரைக்கோ, அதே உணர்திறனில், துவாரம் 2.8 ஆக ஏறத்தாழ ஒரு நிமிடம் வேண்டும். துவாரத்தால் 16 மடங்கு, காலத்தால் 6,000 மடங்கு; பெருக்கின் 96,000. இத்துணை வேறுபாட்டை ஒரு படத்தில் அடக்கல் அரிது. அன்றியும், ஒரு நிமிடத்தில் நிலவு தன் விட்டத்திற் பாதியளவு நகர்ந்துவிடும். ஆகவே கமெராவை முக்காலியில் நிறுத்தி, நிலவைச் சட்டத்திற்குப் புறத்தே விட்டு, ஆற்றை மட்டும் எடுத்தலே தக்கது.

பிலிமைக் கையாளும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். நீண்ட நேரத்திற் பிலிம் சோர்வடையும். மானி காட்டிய காலம் போதாது. வானியலறிஞர் கார்ல் சுவார்ட்ஸ்சைல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விண்மீன்களின் படங்களைக்கொண்டு இதனை ஆராய்ந்தார். பிலிமின் வகைக்கேற்பக் காலத்தை இரட்டித்தோ மேலும் பெருக்கியோ எடுத்துப் பார்க்கவேண்டும். இக்காலக் கமெராக்களுக்கு இக்குறை இல்லை. எனினும் இருளில் அவற்றின் திரை, படத்தை உள்ளதினும் ஒளிமிக்கதாய்க் காட்டி ஏமாற்றும். திரையின் பொலிவைக்கொண்டு துணியாது, ஒளியின் பரம்பலைக் காட்டும் வரைபை நோக்குக. அது வலப்புற எல்லையில் முட்டி நிற்பின் சுடர்கள் வெளுத்துப்போயின என்றறிந்து, காலத்தைப் பாதியாக்கி மீண்டும் எடுக்க.