நன்மறவன் இலக்கணம்

போர்வீரன் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன திரண்ட தோளும், அஞ்சா நோக்கும், கையிற் படைக்கலமுமேயாம். உடல்வலியும் படைப்பயிற்சியும் வீரனுக்கு இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்விரண்டும் வழிப்பறி செய்யும் கள்வனிடத்தும் காணப்படலாம். அங்ஙனமாயின், கள்வனையும் வீரனையும் வேறுபடுத்துவது யாது? வீரனது உள்ளத்தில் அமைந்த பண்பேயாம். அப்பண்பு இன்னதென்பதை நம் பழைய நூல்களையும் அண்மைக்கால நிகழ்ச்சிகளையும் துணையாகக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் ஈரதிகாரங்களைப் படைக்கென வகுத்துள்ளார். முன்னைய அதிகாரத்தில், படைக்குக் காவலாவன நான்கு குணங்கள் என்கின்றார். அஞ்சாமை, மானம், முன்னை வீரர் சென்ற நன்னெறியிற் செல்லுதல், தலைவனால் நம்பித் தெளியப்படுதல் என்பன அவை. யானை, தேர், வேல், வாள் என்பவற்றுள் ஒன்றேனும் இவ்வரிசையில் இடம்பெறாமை நோக்கத்தக்கது. இந்நான்கனுள் நன்னெறி என்பதே அரிதினும் அரிதாகலின், அதனை இறுதியில் வைத்து, ஏனைய மூன்றனையும் முதற்கண் காண்போம்.

அஞ்சாமையாவது பிறர் உயிரைக் கொல்லத் துணிதல் மட்டுமன்று. தன் உயிரைக் கொடுக்கத் துணிதலுமாம். இரண்டாம் உலகப்போரில், சென்னைச் சுரங்கப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்னும் தமிழர் இத்தாலி நாட்டில் பணியாற்றினார். பகைவர் நிலத்துட் புதைத்த வெடிகளை அகற்றுதல் அவர்தம் குழுவின் தொழில். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள், அத்தகைய வெடியொன்று வெடிக்கப்போவதை அவர் உணர்ந்தார். விலகி ஓடுதற்கு எண்ணாது, அருகிருந்தோரைக் காத்தற்பொருட்டுத் தம் உடலையே அதன்மேற் கிடத்தி உயிர்நீத்தார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அந்நொடியில் அவர் கையில் வாளுமில்லை, எதிரே பகைவனுமில்லை. ஆயினும் அதனினும் சிறந்த மறச்செயல் யாதுளது?

இனி, மானத்துக்குச் சான்றாவான் சேரமான் பெருஞ்சேரலாதன். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாற்சோழன் விட்ட வேல் அவன் மார்பை ஊடுருவி முதுகிலும் புண்செய்தது. புறமுதுகு காட்டாத அவ்வேந்தன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி, வாளொடு வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் கரிகாலனைப் பாடுங்கால், தோற்றும் புகழ்பெற்ற அச்சேரன் வென்றவனினும் நல்லவன் அல்லனோ என வினவுகின்றார். வெற்றிபெற்ற வேந்தன் முன்னிலையிலேயே இங்ஙனம் கூறிய புலவரின் நெஞ்சுரமும் போற்றத்தக்கது. வெற்றியொன்றே வீரத்தின் அளவுகோல் அன்று என்பது இதனாற் புலனாகும்.

தெளியப்படுதல் என்பது தலைவனது நம்பிக்கைக்கு உரியனாதல். ஆனால், படைவீரன் மக்களது நம்பிக்கைக்கும் உரியனாதல் வேண்டும் அன்றோ? லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், தாங்கள் செய்யவேண்டுவது யாது எனப் போர்ச்சேவகர் சிலர் யோவான் ஸ்நானகனை வினவுகின்றனர். அவர்களைப் படைத்தொழிலை விட்டுவிடுமாறு அவன் கூறவில்லை. எவரையும் வருத்திப் பொருள் பறியாதிருத்தல், பொய்க்குற்றம் சாட்டாதிருத்தல், பெறும் ஊதியத்தில் மனநிறைவு கொள்ளுதல் என்பவற்றையே அறிவுறுத்துகின்றான். படைக்கலம் ஏந்தியவன் அஃதில்லாதாரிடை வாழுங்கால், அவன் முதலில் வெல்லவேண்டிய பகை தன் அவாவேயாம்.

இனி, நன்னெறியைக் காண்போம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன், ஆக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாவலான இடத்தை அடையுமாறு அறிவித்தான் என்று நெட்டிமையார் பாடியுள்ளார். கம்பர் காட்டும் இராமனோ, படைக்கலன்களை இழந்து தனித்து நின்ற இராவணனைக் கொல்லாது, அன்று சென்று மறுநாள் வருமாறு விடுக்கின்றான். பகைவனுக்குத் துன்பம் வந்துற்றபோது அவனுக்கு உதவுதல் ஆண்மையின் கூர்மை என்பது வள்ளுவர் கருத்து. கூர்மையில்லாத வாள் வெறும் இரும்பாதல் போல, இரக்கமில்லாத ஆண்மையும் வெறும் முரட்டுத்தன்மையேயாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தலைவன் ஆணைக்கு அடங்குதலன்றோ வீரனுக்கு அழகு? அவ்வாணையே நன்னெறிக்கு மாறாயின் அவன் செய்யத்தக்கது யாது? நம் நாட்டு வரலாற்றில் இவ்வினாவுக்கு இருவகை விடைகள் உள.

1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள்மீது சுடுமாறு தளபதி டயர் ஆணையிட்டான். வீரர் அவ்வண்ணமே செய்தனர். 1,650 குண்டுகள் பாய்ந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். ஆணை நிறைவேறியது, ஆனால் அதனை வீரம் என்பார் எவருமிலர்.

பதினோராண்டு கழித்து, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பெஷாவர் நகரத்திலும் படைக்கலமற்ற மக்கள் திரண்டு நின்றனர். அவர்களைச் சுடுமாறு கார்வால் படைப்பிரிவினருக்கு ஆணை பிறந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய சந்திர சிங் கார்வாலி என்னும் ஹவில்தாரும் அவர்தம் தோழரும் சுட மறுத்தனர். படைமன்றம் அவருக்கு ஆயுட்சிறை விதித்தது. பின்விளைவை நன்கறிந்தே அவர்கள் மறுத்தனராதலின், அச்செயலில் நன்னெறியும் உண்டு; அஞ்சாமையும் உண்டு; மானமும் உண்டு. அன்று தலைவரது நம்பிக்கையை இழந்தனராயினும், மக்களது நம்பிக்கையை என்றைக்குமாகப் பெற்றனர்.

ஆணைக்கு அடங்குதல் எளிய பண்பு என்று யாம் கூறவில்லை. அடக்கமில்லாத படை வெறுங் கூட்டமேயாம். ஆயினும், வீரனது அடக்கம் அறத்துக்கு அடங்கிய அடக்கமாதல் வேண்டும் என்பதே எம் துணிபு.

மாணவத் தோழர்காள்! நம்முள் சிலர் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து, காலையில் மைதானத்தில் துப்பாக்கி பிடிக்கப் பயில்கின்றனர்; பின் வகுப்பறையிற் புறநானூறு பயில்கின்றனர். இவை வெவ்வேறு பாடங்கள் அல்ல. துப்பாக்கியை உயர்த்தும் முறையை மைதானத்திற் கற்கின்றோம். அதனைத் தாழ்த்தவேண்டிய இடத்தை நம் முன்னோரிடம் கற்கின்றோம். இரண்டனையும் ஒருங்கே கற்றவனே நன்மறவன் ஆவான்.