விரலை ஆட்டுவதற்கு முன்னால்

கண் அசைவு சிகிச்சையில், அதாவது இ.எம்.டி.ஆரில், பயிற்சி முடித்து எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு:

1. ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987-இல் பூங்காவில் நடந்தபோது கண் அசைவின் பலனைக் கவனித்த கதையை எல்லாரும் ஆசையாகச் சொல்கிறீர்கள். அவர் வகுத்த எட்டுக் கட்டங்களில் விரல் ஆட்டிக் கண்ணை அசையவைப்பது நான்காவது. வரலாறு கேட்பது, ஆளைத் தயார்ப்படுத்துவது, நினைவை எடைபோடுவது என்ற முதல் மூன்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

2. 'பாதுகாப்பான இடத்தை நினையுங்கள்' என்றதும் கடற்கரையை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். 2004 சுனாமியில் ஓடியவருக்கு அலைச் சத்தமே போதும், உடம்பு நடுங்க. காசிமேட்டில் இன்னொருவருக்கு நடுக்கடலில் நிற்கும் விசைப்படகுதான் நிம்மதி. வடிவுடையம்மன் சந்நிதி என்பார் ஒருவர், தங்கச்சி வீட்டுத் திண்ணை என்பார் இன்னொருவர். அவர்கள் வாயிலிருந்தே வரட்டும்.

3. நடந்ததை முழுக்கச் சொல்லவைக்க வேண்டாம். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தபோதே, விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதைக் குறிப்பிட்டது. வாய் திறக்காத ஆண்களிடம் இது பெரிய வசதி.

4. மனக்கலக்கம் 'பத்துக்கு எவ்ளோ இருக்குக்கா?' என்று கேளுங்கள். மீன் ஏலம் கேட்டுப் பழகியவர்கள், டக்கென்று எண் சொல்வார்கள். இருபது, முப்பது தடவை கண் போய்வந்ததும் நிறுத்தி, 'இப்போ என்ன தோணுது?' என்பதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். நினைவையும் விரலையும் ஒருசேரப் பிடிக்க முடியாமல் மனசு படத்தை மங்கவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது போதும்.

5. வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கண்ணில் சதை வளர்ந்தவர்கள் இங்கே உண்டு. கண் உறுத்தினால் விடுங்கள், முழங்காலில் மாறிமாறித் தட்டினாலும் வேலை நடக்கும். வலிப்பு வந்ததுண்டா என்பதையும் முதல் நாளே கேளுங்கள்.

6. சாகத் தோன்றுகிறது என்றால் அன்றைக்கு விரலே வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். ராத்திரியானால் 14416 மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

7. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சுனாமி வந்த அதே தேதி. டிசம்பர் பிறந்தாலே பலருக்குத் தூக்கம் போய்விடும், முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ஆனால் நெடி அடித்ததும் எழுந்து உட்காரும் அம்மாவிடம் 'அது பழைய பயம்' என்று சொல்லிவிடாதீர்கள். ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அன்றிரவின் மூச்சுத்திணறலைக் கரைக்கலாம், எச்சரிக்கையைக் கரைக்கக் கூடாது. குழாயை யார் சோதிக்கிறார்கள், சைரன் ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர் கேட்கப் போகிறாரா? கூடப் போங்கள்.