ஜாயின் மீது பழி போடாதீர்கள்

"ஜாயின் போட்டால் டேட்டாபேஸ் படுத்துவிடும்." எஸ்.க்யூ.எல். கற்க வரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்த வாக்கியத்தை யாரோ ஓதி அனுப்புகிறார்கள். பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் சொல்கிறார். நேர்முகத் தேர்வில் அதையே சரியான பதிலாக ஏற்றுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதை நம்பியவர்கள் வாடிக்கையாளர், பில், பொருள், கட்டணம் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டிவிடுகிறார்கள். பிறகு அதைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை என்னைப் போன்ற டேட்டாபேஸ் நிர்வாகிகளின் தலையில் விழுகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் இந்த வாரம் முதலில் இதற்குத்தான் பதில்.

நம்பிக்கை: ஜாயின் மெதுவானது. எல்லாம் ஒரே டேபிளில் இருந்தால்தான் வேகம்.

உண்மை: முழுத் தவறு. ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற எண்ணமே டேபிள்களைப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது சேர்த்துப் படிப்பதற்காகப் பிறந்தது. ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே ஜாயின் இருக்கிறது. அதே நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் குழுவில் இருந்த பாட்ரிசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும், எந்த டேபிளை முதலில் படிப்பது, எந்த வழியில் சேர்ப்பது என்பதைச் செலவு கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979இல் எழுதினார்கள். இன்று நீங்கள் பயன்படுத்தும் பெரிய டேட்டாபேஸ்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. ஜாயினைத் திறமையாகச் செய்வதற்கென்றே கட்டிய இயந்திரத்திடம் போய் ஜாயின் கேட்காதே என்று சொல்வது என்ன பாடம்?

கணக்கைப் பாருங்கள். வாடிக்கையாளர் டேபிளில் 10,000 வரிசைகள், பில் டேபிளில் ஒரு லட்சம் வரிசைகள். இண்டெக்ஸ் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பில் டேபிளை முழுக்கத் தேடினால் 100 கோடி ஒப்பீடுகள். ஹாஷ் ஜாயின் முறையில் இரண்டு டேபிள்களையும் ஒரு முறை படித்தால் போதும்: 1,10,000 வரிசைகள். ஒரே ஒரு வாடிக்கையாளரின் பில்கள்தான் வேண்டும், இணைக்கும் நெடுவரிசையில் இண்டெக்ஸும் இருக்கிறது என்றால் வேலை இன்னும் குறைவு. பி-ட்ரீ இண்டெக்ஸில் ஒரு கோடி வரிசைகள் இருந்தாலும் மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டினால் இடம் தெரிந்துவிடும். எல்லாமே ஜாயின்தான். மாறியது சேர்க்கும் வழி.

அப்படியானால் உங்கள் குவெரி ஏன் மெதுவாக ஓடுகிறது? பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று.

ஒன்று, ஃபாரின் கீ நெடுவரிசையில் இண்டெக்ஸ் இல்லை. பிரைமரி கீக்கு இண்டெக்ஸ் தானாக வரும். ஃபாரின் கீக்கும் தானாக வரும் என்று நினைப்பது பிழை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அதை உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் உருவாக்காது. நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் ஒரு வாடிக்கையாளரை அழிக்கும்போதுகூட பில் டேபிள் முழுவதும் தேடப்படும்.

இரண்டு, வகை பொருந்தவில்லை. ஒரு டேபிளில் வாடிக்கையாளர் எண் இன்டிஜர், இன்னொன்றில் வார்ச்சார். மைஎஸ்க்யூஎல் புகார் சொல்லாமல் ஒவ்வொரு வரிசையாக மாற்றிப் பார்க்கும். வார்ச்சார் பக்கத்து இண்டெக்ஸ் பயனற்றுப் போகும். போஸ்ட்கிரஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். அந்தப் பிழைக்குக் குவெரியில் காஸ்ட் ஒட்டுவது தீர்வு அல்ல. டேபிளில் வகையைத் திருத்துங்கள்.

மூன்று, இணைக்கும் நிபந்தனையை மறந்துவிட்டீர்கள். 1,000 வரிசைகளும் 10,000 வரிசைகளும் நிபந்தனை இல்லாமல் சேர்ந்தால் வருவது ஒரு கோடி வரிசைகள்.

நான்கு, குவெரியின் வேர் (WHERE) பகுதியில் நெடுவரிசையின் மீதே ஃபங்க்‌ஷன் போட்டிருக்கிறீர்கள். தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்து 2024 என்று ஒப்பிட்டால் தேதி மீதுள்ள சாதாரண இண்டெக்ஸ் உதவாது. '2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1க்கு முன்' என்று எல்லை கொடுங்கள்.

இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் ஹாஷ் ஜாயின் 8.0.18 பதிப்பில்தான், 2019இல்தான் வந்தது. அதற்கு முன்பு இண்டெக்ஸ் இல்லாத பெரிய ஜாயின்கள் அதில் திணறியது உண்மை. அன்று சூடுபட்டவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். ஆனால் அன்றும் இண்டெக்ஸ் போட்டவர்கள் நன்றாகத்தான் ஓட்டினார்கள்.

ஜாயினுக்குப் பயந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 500 பில்களை எடுத்துக்கொண்டு, நிரலில் லூப் போட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனியாகக் கேட்கிறார்கள். ஒரே குவெரியில் முடிய வேண்டியது 501 குவெரி ஆகிறது. ஒரு முறை போய்வர ஒரு மில்லிசெகண்ட் என்றாலும் அரை செகண்ட் பாதையிலேயே போய்விடும். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்கு அலைகிற வேலை இது. வேறு சிலர் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் கைபேசி எண்ணை மாற்றினால் அவருடைய பழைய பில் வரிசைகள் அத்தனையையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள். எது சரி என்று டேட்டாபேஸால் சொல்ல முடியாது. இன்னும் சிலர் பொருள் எண்களைக் கமா போட்டு ஒரே கட்டத்தில் எழுதுகிறார்கள். பிறகு லைக் போட்டு 5ஐத் தேடினால் 15ம் 50ம் சேர்ந்து வருகின்றன.

மாதக் கடைசி அறிக்கைக்காகச் சுருக்க டேபிள் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது அளந்து பார்த்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். அளக்காமல், பயத்தில் டேபிளை வடிவமைக்காதீர்கள்.

நம்பிக்கை: ஜாயினில் வரிசைகள் இரட்டித்தால் டிஸ்டிங்ட் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: நோயை மறைக்கிறீர்கள். ஒரு பில்லில் மூன்று பொருள்கள், அதற்கு இரண்டு தவணைக் கட்டணங்கள். மூன்று டேபிள்களையும் நேரடியாகச் சேர்த்தால் ஆறு வரிசைகள் வரும். கட்டணக் கூட்டுத்தொகை மூன்று மடங்காகக் காட்டும். டிஸ்டிங்ட் போட்டுக் கூட்டினால், இரண்டு தவணையும் ரூ.500 என்றால் ஒன்று காணாமல் போகும். கட்டணத்தைப் பில் வாரியாக முதலில் கூட்டுங்கள், பிறகு இணையுங்கள்.

நம்பிக்கை: நல் என்றால் பூஜ்யம் அல்லது வெற்றிடம்.

உண்மை: மதிப்பு தெரியாது என்பதுதான் அதன் பொருள். அதனால் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒருபோதும் உண்மை ஆகாது. இஸ் நல் என்று எழுதுங்கள். நாட் இன் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் புகுந்தாலும் ஒரு வரிசைகூட வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் பழகிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் கவலையில்லை.

உண்மை: பன்னிரண்டு இண்டெக்ஸ் இருந்தால் ஒவ்வொரு புதிய வரிசையையும் பன்னிரண்டு இடங்களில் எழுத வேண்டும். தேடும் நெடுவரிசைக்கும் இணைக்கும் நெடுவரிசைக்கும் போடுங்கள், போதும்.

நம்பிக்கை: பதிவு செய்த வரிசையிலேயே முடிவு வரும்.

உண்மை: ஆர்டர் பை இல்லாமல் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை. நேற்று வந்தது இன்று மாறலாம்.

நம்பிக்கை: டேட்டாபேஸில் தமிழ் நிற்காது, கேள்விக்குறியாகிவிடும்.

உண்மை: குற்றம் அமைப்பில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1. டேபிளுக்கும் இணைப்புக்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் என்வார்ச்சார் வகையும், எழுதும் சரத்துக்கு முன் 'என்' எழுத்தும் வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட பெயரை மீட்க முடியாது. முதல் நாளே சரிசெய்யுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வாங்கிச் சமாளிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இந்த நம்பிக்கைகள் சாகாமல் இருப்பதற்கு நம் கல்லூரி லேப் ரெக்கார்டுகளுக்கும் பங்கு உண்டு. ஐந்து வரிசை டேபிளில் குவெரி எழுதி, முடிவை ஒட்டி, கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்தது. ஐந்து வரிசைக்கு டேட்டாபேஸ் பெரும்பாலும் இண்டெக்ஸைத் தொடாது. முழுவதையும் படிப்பதுதான் அதற்கு மலிவு. அந்த மாணவருக்கு இண்டெக்ஸ் என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: டேபிளில் பத்து லட்சம் வரிசைகள் போட்டுக் கொடுங்கள். போஸ்ட்கிரஸில் ஜெனரேட் சீரிஸ் ஃபங்க்‌ஷன் இருக்கிறது, ஒரே கட்டளையில் முடியும். இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். இரண்டின் எக்ஸ்ப்ளெய்ன் முடிவையும் ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் வையுங்கள்.

கற்கிறவர்களுக்கு: குவெரியின் முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்து ஓட்டுங்கள். பெரிய டேபிளில் நாலைந்து வரிசைகளைத் தேடும்போது போஸ்ட்கிரஸ் 'சீக் ஸ்கேன்' என்றோ, மைஎஸ்க்யூஎல் வகைக் கட்டத்தில் 'ஆல்' என்றோ காட்டினால், முழு டேபிளும் படிக்கப்படுகிறது என்று பொருள். எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டின் முன்னால் போட்டால் வரிசைகள் அழிந்துவிடும், கவனம். இனி யாராவது ஜாயின்தான் மெதுவானது என்று சொன்னால் வாதாட வேண்டாம். அந்தக் குவெரியின் எக்ஸ்ப்ளெய்ன் முடிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை அவர் பேச்சைக் கேட்டு ஒரு டேபிளைக்கூட மாற்றாதீர்கள்.